இடக்கை இசைவாணர் ஜிமி ஹென்றிக்ஸ்

புலவன் ஒருவனுடைய முதல் நூலுக்கு அவன் பிறந்த நாள்தொட்டு அதுகாறும் வாழ்ந்த வாழ்வனைத்தும் முதலாய் அமைகின்றது. இளமையிற் பட்ட துன்பம், கேட்ட கதை, கண்ட காட்சி, ஆண்டுக்கணக்காய் மனத்துள் ஊறிக் கிடந்த சொல் ஆகிய எல்லாம் அந்நூலினுள் வந்து நிறைகின்றன. இரண்டாம் நூலின் நிலை வேறு. முதல் நூல் ஈட்டிய புகழ் வாயிலில் வந்து நின்று அடுத்தது யாதென வினவுகின்றது. கையிருப்போ முன்னரே செலவாகிவிட்டது. கொடுக்கப்பட்ட காலமோ சில திங்களே. ஆதலின், ஒருவனுடைய ஆற்றல் தற்செயலாய் வாய்த்ததோ உழைப்பினாற் கைவந்ததோ என்பதைத் தேர்ந்தறிய விரும்புவோர் அவனுடைய முதற் படைப்பினும் இரண்டாம் படைப்பையே நுணுகி நோக்குதல் வேண்டும் என்பது என் துணிபு. இவ்விதி நூலுக்கு மாத்திரமன்றி இசைக்கும் பொருந்தும்.

இங்ஙனம் பொருந்துதற்குத் தக்க சான்றாக யான் ஈண்டு எடுத்துக்கொள்வது ஜிமி ஹென்றிக்ஸ் என்னும் அமெரிக்க இசைவாணரின் சரிதத்தை. றொக் என வழங்கும் மேனாட்டு இசையிற் கிற்றார் வாசிப்போருள் அவரைத் தலையாயவராக உலகம் மதிக்கின்றது. ஆயினும், அவரைப் பற்றி நம் இளைஞரை வினவினால் அவர்கள் சொல்வன பெரும்பாலும் இரண்டே: மேடையில் தம் கிற்றாரைத் தீயிட்டுக் கொளுத்தியவர், 27 ஆம் வயதில் மாண்டவர். இவ்விரு செய்திகளும் மெய்யே. ஆனால், அவ்விரண்டிற்கும் இடையே மறைந்து கிடக்கின்ற உழைப்பாளி ஒருவரை யாம் அறியாது விடுவோமாயின், அவரை அறிந்தோம் என்று சொல்லுதற்கு உரிமையுடையோம் அல்லேம்.

ஹென்றிக்ஸ் 1942 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் அமெரிக்காவின் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரிற் பிறந்தார். தந்தையார் அல் ஹென்றிக்ஸ் அப்பொழுது இரண்டாம் உலகப் போரின் பொருட்டுப் படையில் இருந்தார். தாயார் லூசில் மிக இளையவர். கணவனின் துணையும் கைப்பொருளும் இன்றிக் குழந்தையை வளர்க்க இயலாது தவித்தார். குழந்தை உறவினரிடத்தும் அயலாரிடத்துமாகக் கைமாறி வளர்ந்தது. போர் முடிந்து மீண்ட தந்தையார் மகனைத் தேடிச் சென்று அழைத்து வந்தார். பிறந்தபொழுது ஜோனி அலன் என இடப்பட்டிருந்த பெயரை 1946 இல் ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார்.

பெற்றோரிடையே அன்பும் இருந்தது, பூசலும் இருந்தது, குடிப்பழக்கமும் இருந்தது. 1951 இல் அவர்கள் மணவிலக்குப் பெற்றனர். பின்னர்ப் பிறந்த குழந்தைகளுட் சிலர் பிறர் பராமரிப்பில் விடப்பட்டனர். 1958 பெப்ரவரியில் தாயார் காலமானார். மைந்தனுக்கு அப்பொழுது வயது 15. தாயின் ஈமச் சடங்கிற்குச் செல்லும் பேறும் அச்சிறுவனுக்குக் கிட்டவில்லை. தந்தையார் மக்களை அழைத்துச் செல்லவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்திற் பதித்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் அவர் இயற்றிய பாடல்களிற் காணப்படும் மென்மைக்கும் தனிமைக்கும் ஊற்றுக்கண் இவ்விடத்தே உளதென்று கருதுவோர் பலர்.

ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்த எனக்கு அவருடைய பள்ளிப் பருவத்துச் செய்தி ஒன்று நெஞ்சைத் தைக்கின்றது. அச்சிறுவன் தும்புத்தடி ஒன்றைக் கிற்றாராகப் பாவித்து எந்நேரமும் கையில் ஏந்தித் திரிந்தான். இதனைக் கண்ட சமூகப் பணியாளர் ஒருவர், வறிய பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து அவனுக்கு ஒரு கிற்றார் வாங்கிக் கொடுக்குமாறு எழுத்து மூலம் வேண்டினார். கொடாவிடின் பிள்ளையின் மனம் ஊறுபடும் என்றும் எச்சரித்தார். அவ்வேண்டுகோள் பயன்படவில்லை. ஒரு பிள்ளை கையில் எதனை ஏந்தித் திரிகின்றான் என்று உற்று நோக்குதலே ஆசிரியத் தொழிலின் பாதி என்பேன். அதனை நோக்கிய கண் அங்கே இருந்தது. கொடுக்கும் கை இல்லாது போயிற்று.

1957 இல் தந்தையாருடன் ஒரு வீட்டின் குப்பையை அகற்றச் சென்றவிடத்து ஒற்றை நரம்பு மாத்திரம் எஞ்சிய உக்குலேலி என்னும் சிறு வாத்தியம் ஒன்றைக் கண்டெடுத்தான். அவ்வொற்றை நரம்பிலேயே, வானொலியிற் கேட்ட மெட்டுக்களைச் செவியறிவினால் மீட்டப் பழகினான். அடுத்த ஆண்டு 5 டொலருக்கு ஒரு பழைய கிற்றார் வாய்த்தது. அதன்பின் தந்தையாரே மின்கிற்றார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இசைக்குறியீட்டை வாசிக்க அவர் ஒருநாளும் கற்றாரில்லை. கேட்டலும் மீட்டலுமே அவருக்குக் குருகுலம்.

அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். இடக்கையாற் செய்வது தீது என்னும் எண்ணம் தந்தையாருக்கு இருந்தமையால் வலக்கையாலும் வாசிக்கப் பழகினார் என்பர். வலக்கையார்க்கென ஆக்கப்பட்ட கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி, நரம்புகளைத் தமக்கேற்ப மாற்றிக் கட்டி வாசித்ததே அவருக்கு இறுதிவரை வழக்கமாயிற்று. இரு கையாலும் வில்வளைக்க வல்லவன் ஆதலின் அருச்சுனன் சவ்வியசாசி எனப் பெயர் பெற்றதை யாம் அறிவோம். அப்பெயர் இவ்விசைவாணரை நினைக்கும்பொழுதெல்லாம் எனக்கு நினைவில் வருவதுண்டு.

படிப்பை முடியாது பள்ளியை நீங்கிய இளைஞர் 1961 இல் களவு போன மோட்டார் வண்டிகளிற் சென்ற குற்றத்திற்காக இருமுறை பிடிபட்டார். சிறையா படையா என்ற நிலை வந்தபொழுது படையிற் சேர்ந்தார். 101 ஆம் வான்வழிப் படைப்பிரிவில் வான்குடை கொண்டு குதிக்கும் பயிற்சி பெற்றார். தந்தையாருக்குக் கடிதம் எழுதித் தம் கிற்றாரை வருவித்துக்கொண்டார். அங்கே பில்லி கொக்ஸ் என்னும் பேஸ் கிற்றார் வாசிப்பவர் நண்பரானார். அந்நட்பு இறுதிவரை நிலைத்தது. படைத்தொழிலில் மனம் பொருந்தாமையால் 1962 இல் விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் நான்காண்டுகள் அவர் பட்ட பாட்டை நம் சங்க நூல்களிற் பயின்றோர் எளிதில் உணர்வர். வயிற்றிற் பசியும் கையில் யாழுமாய் ஊரூராய் அலைந்த பாணரின் வாழ்வே அது. நிறவேற்றுமை கொடிதாய் நிலவிய தென்மாநிலங்களிற் கறுப்பின மக்களுக்கென இருந்த கேளிக்கைக் கூடங்களிற் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். 1964 இல் ஐஸ்லி சகோதரருடனும், அதன்பின் லிட்டில் றிச்சர்ட் என்னும் புகழ்பெற்ற பாடகருடனும் சென்றார். தலைவர் ஒளிர்கின்ற மேடையிற் பக்கவாத்தியகாரர் ஒளிரலாகாது என்பது அக்குழுக்களின் நியதி. அந்நியதியோடு அவர் முரண்பட்டார், வேலையும் இழந்தார். ஆயினும், தாளம் பிறழாது பாடகனுக்கு இடங்கொடுத்து வாசிக்கும் வித்தையை அவர் அந்நான்காண்டுகளிலேயே கற்றார். மேனாட்டு விமரிசகர் பலர் அவருடைய தனிவாசிப்பையே புகழ்வர். பாடலின் கீழே நின்று அதனைத் தாங்கும் அவரது மென்வாசிப்பை உற்றுக் கேட்போர், அதனைப் பக்கவாத்தியத்தின் பயன் என அறிவர்.

1965 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் அவர் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். கைக்கூலி ஒரு டொலர், விற்பனையில் நூற்றுக்கு ஒரு வீதம், காலம் மூன்றாண்டு. தம் கையெழுத்தின் விலை யாதென அன்று அவர் எண்ணினாரில்லை. அக்காகிதம் பின்னர் அவரை வழக்குமன்றம் வரை துரத்தியது. 1970 இல் ஒரு முழு இசைத்தட்டை ஈடாகக் கொடுத்தே அமெரிக்காவில் அவர் அவ்விடரினின்றும் நீங்கினார். கலைஞராக வர விரும்பும் மாணவர் இந்தப் பகுதியை இருமுறை வாசிப்பாராக.

1966 இல் நியூயோர்க்கின் கிறினிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சிறு கோப்பிக் கடையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். லின்டா கீத் என்னும் மங்கை அவருடைய திறனை உணர்ந்து பலரிடமும் எடுத்துரைத்தார். அங்ஙனம் வந்து கேட்டவர்களுள் ஒருவர் அனிமல்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் பேஸ் கிற்றார் வாசிப்பாளராகிய சாஸ் சான்ட்லர். அவர் ஹென்றிக்ஸை இலண்டனுக்கு அழைத்தார். 1966 செப்ரெம்பர் 24 ஆம் நாள் ஹென்றிக்ஸ் அந்நகரில் வந்து இறங்கினார். ஜிமி என்னும் பெயரின் எழுத்துக் கோவையும் அக்காலத்திலேயே மாற்றப்பட்டது. கிற்றார் வாசிக்க வந்த நொயெல் றெடிங் என்பவரைப் பேஸ் கிற்றார் வாசிக்கச் செய்தனர். ஜாஸ் இசையில் ஈடுபாடு மிக்க மிச் மிச்செல் முழவு வாசிக்க அமர்ந்தார். மூவர் அடங்கிய எக்ஸ்பீரியன்ஸ் என்னும் குழு இவ்வாறு தோன்றியது.

1967 மே 12 ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்த முதல் இசைத்தட்டு அவருக்குப் பெரும்புகழ் ஈட்டியது. அவ்வாண்டு ஜூன் 18 ஆம் நாள் கலிபோர்னியாவின் மொன்ரறே நகரில் நடந்த இசைவிழாவில் அவர் வாசித்து, இறுதியிற் கிற்றாரைக் கொளுத்தினார். அதே நாட் பிற்பகலில் அம்மேடையில் சித்தார் வாசித்தவர் பண்டிட் ரவிசங்கர். வாத்தியத்தைத் தெய்வமாய்ப் போற்றும் மரபில் வந்த அவருக்கு அக்காட்சி பெரும் வருத்தத்தைத் தந்தது. அதனை அவர் வெளிப்படவே கூறினார். நவராத்திரியிலே ஏட்டையும் வீணையையும் ஒருங்கு வைத்து வணங்கும் நமக்கு அவ்வருத்தம் விளங்காததன்று. ஹென்றிக்ஸோ, தாம் நேசிக்கும் பொருளையே பலியாக இடுவதாக அச்செயலுக்கு விளக்கம் தந்தார். அவ்விளக்கத்தை யான் முற்றும் ஏற்கின்றிலேன். ஆயினும், பொருட்படுத்தாது எறிந்த செயலன்று அஃது என்பதை மாத்திரம் ஏற்கின்றேன். தும்புத்தடியைத் தூக்கித் திரிந்தவனுக்குக் கிற்றாரின் அருமை தெரியாதிருக்க நியாயமில்லை.

இனி, இரண்டாம் இசைத்தட்டிற்கு வருவாம். அக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ் என்பது அதன் பெயர். அக்சிஸ் என்பது பூமி சுழலும் அச்சு. அச்சு பிறழின் உலகின் தோற்றமே மாறுவதுபோல, அன்பு ஒருவனுடைய உலகையே மாற்ற வல்லது என்னும் கருத்தால் அப்பெயர் அமைந்ததென அவர் விளக்கியுள்ளார். 1967 ஆம் ஆண்டினுள் இரண்டு இசைத்தட்டுக்கள் தருதல் வேண்டும் என்பது குழுவின் ஒப்பந்தம். ஆதலின் முதலாவது வெளிவந்த மே மாதத்திலேயே இரண்டாவதன் வேலை தொடங்கிற்று. கச்சேரிகளுக்காக ஊரூராய் ஓடியதற்கு இடையே மே, ஜூன், ஒக்ரோபர் மாதங்களில் இலண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவ்வேலை நடந்தது. தயாரிப்பாளர் சான்ட்லர், ஒலிப்பதிவாளர் எடி கிறேமர்.

அக்காலத்து ஒலிப்பதிவுப் பொறியில் நான்கு தடங்களே இருந்தன. நான்கும் நிறைந்தபின் அவற்றை ஒன்றாய்க் கலந்து வேறொரு நாடாவிற் படியெடுத்து, மிஞ்சிய தடங்களில் மேலும் ஒலிகளைச் சேர்த்தல் வேண்டும். ஒருமுறை கலந்ததைப் பின்னர்ப் பிரித்தல் இயலாது. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவோன் அடித்துத் திருத்த இயலாமையால் முன்னரே எண்ணித் துணிந்து எழுதுவான் அன்றோ? அத்தகைய கட்டுப்பாட்டினுள் நின்றே அவர்கள் பணி செய்தனர். நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு வாசித்தல், ஒரே ஒலியை இரண்டு பொறிகளில் நுண்ணிய கால வேறுபாட்டுடன் ஓட்டிக் கலந்து அஃது அலையெனச் சுழலுமாறு செய்தல் முதலிய உத்திகளை அவர்கள் கையாண்டனர். பின்னைய உத்தியை அக்கூடத்திலே உருவாக்கியவர் ஜோர்ஜ் கியான்ஸ் என்னும் இளம் பொறியியலாளர். இசைத்தட்டின் இறுதிப் பாட்டின் முடிவில், ஒலி ஒரு செவியிலிருந்து மறு செவிக்குச் சுழன்று செல்வதை யாவரும் கேட்டறியலாம்.

பதின்மூன்று உருப்படிகள் அதில் உள. முதலாவது, பறக்கும் தட்டுக்கள் பற்றிய வானொலிப் பேட்டிபோல் நடித்த வேடிக்கை. அடுத்தது, நெடுங்காலத்தின்பின் பூமிக்கு மீண்ட வேற்றுலகத்தான் ஒருவனின் வியப்பும் கவலையும். இன்னொன்று, சியாட்டிலை அடுத்திருந்த ஸ்பானிஷ் காசில் என்னும் ஆடற்கூடத்தின் இளமை நினைவு. றெடிங் இயற்றிய பாட்டு ஒன்றும் இடம்பெற்றுள்ளது. சிற்றிறகு எனப் பொருள்படும் லிட்டில் விங் என்னும் பாட்டு இரண்டரை நிமிடத்திற்கும் குறைவானது. மொன்ரறே விழாவின் அன்பு சூழ்ந்த உணர்வை ஒரு பெண்ணுருவாக்கிப் பாடியதாக அவர் கூறியுள்ளார். அன்பு செய்து, ஆறுதல் தந்து, பிடியில் அடங்காது பறந்து செல்லும் அப்பெண்ணுருவில் அவருடைய தாயைக் காண்போரும் உளர். கிற்றாருடன் சிறு உலோக மணித்தட்டு வாத்தியம் ஒன்றின் ஒலி மெல்லெனக் கலந்துவர, பாட்டு முடிந்ததோ முடியவில்லையோ என்னும் நிலையில் அது மறைந்து போகின்றது. நம்மவர் விருத்தம் பாடுங்கால் இறுதியடியைச் சொல்லாது இராகத்திலே கரைத்துவிடும் நயம் இதனோடு ஒப்பிடற்பாலது.

மணலாற் கட்டிய மாளிகைகள் எனப் பொருள்படும் இன்னொரு பாட்டு மூன்று சிறு கதைகளைச் சொல்கின்றது. பூசலிட்டுப் பிரியும் கணவன் மனைவி. போர்வீரனாகக் கனவு கண்டு, போருக்கு முதனாள் இரவில் உறக்கத்திலே கொல்லப்படும் செவ்விந்தியச் சிறுவன். வாழ்வை வெறுத்துக் கடற்கரைக்கு வரும் ஊனமுற்ற பெண். யாவும் நிலையாமை என்பதே முடிபு. நிலையாமையை நம் முன்னோர் காஞ்சித் திணையில் வைத்துப் பாடினர். கடலுக்கப்பால், நம் நூல் ஒன்றையும் கண்டிராத 24 வயது இளைஞர் அதே பொருளுக்கு அலை கரைக்கும் மணலை உவமையாகக் கண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. முதற் கதையில் அவருடைய பெற்றோரின் இல்லமே புலனாகின்றது.

இவ்விசைத்தட்டின் ஆக்கத்தில் நேர்ந்த இடையூறு ஒன்று குறிப்பிடத்தக்கது. வேலை முற்றுப்பெற்ற தறுவாயில், முதற் பக்கத்திற்குரிய மூலநாடாவை ஹென்றிக்ஸ் வாடகைக் காரிலே தவறவிட்டார். அது மீளக் கிட்டவேயில்லை. வெளியிடும் நாளோ நெருங்கிவிட்டது. ஹென்றிக்ஸ், சான்ட்லர், கிறேமர் மூவரும் ஓரிரவு முழுவதும் விழித்திருந்து அப்பக்கம் முழுவதையும் மீண்டும் கலந்தனர். ஒரு பாட்டு மாத்திரம் முன்போல் அமையவில்லை. றெடிங்கிடம் அப்பாட்டின் படி ஒன்று இருந்தது. அந்நாடாவோ சுருங்கிக் கசங்கிக் கிடந்தது. ஸ்திரிக்கைப் பெட்டியால் அதனை மெல்ல அழுத்தி நேராக்கிப் பயன்படுத்தினர். இன்று உலகம் போற்றும் அப்பாட்டு அங்ஙனம் பிழைத்தது. பல நாட் செய்த வேலையை ஓரிரவில் மீளச் செய்தல் வெறியனுக்கு இயல்வதன்று. வேலையைத் தலைகீழாய் அறிந்தவனுக்கே இயலும்.

இசைத்தட்டு 1967 டிசெம்பர் 1 ஆம் நாள் இங்கிலாந்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் முதலாவதன் விற்பனை குன்றாதிருத்தற்பொருட்டு 1968 ஜனவரி வரை நிறுத்திவைக்கப்பட்டது. விற்பனை வரிசையில் இங்கிலாந்தில் 5 ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 3 ஆம் இடத்தையும் அது பெற்றது.

அதன் உறையைப் பற்றி யான் எழுதாது விடலாகாது. நம் கடைகளிலும் வீடுகளிலும் காணப்படும் திருமாலின் விசுவரூபப் படம் ஒன்றை எடுத்து, அதன் நடுவே ஹென்றிக்ஸ் முதலிய மூவரின் முகங்களையும் அமைத்திருந்தனர். கார்ள் பெறிஸ் எடுத்த புகைப்படத்தைக்கொண்டு றோஜர் லோ என்னும் ஓவியர் அம்முகங்களை வரைந்தார். அக்காலத்து இலண்டனில் இந்தியப் பொருள் யாதாயினும் நாகரிகமாய்க் கொள்ளப்பட்டது. பின்னாளிற் சைவ வைணவ அன்பர் பலர் இவ்வுறையைக் கண்டு மனம் நொந்தனர். 2014 இல் மலேசிய அரசு இப்படத்தைத் தடைசெய்தது.

எம் மாணவர் மன்றத்தில் ஒருநாள் இப்படம் பேசுபொருளாயிற்று. இது நம் தெய்வத்திற்குச் செய்த சிறப்போ இழிவோ என ஒரு மாணவன் எழுந்து வினவினான். நண்பர் சிலர் சினந்தனர், சிலர் நகைத்தனர். யான் அவனுக்குக் கூறிய விடையை இங்கும் கூறுகின்றேன். அப்படத்தைத் தெரிந்தவர் ஹென்றிக்ஸ் அல்லர். அவருடைய குடும்பத்தில் செறொக்கி என்னும் செவ்விந்திய மரபின் குருதி கலந்துளதென்பது வழிவழி வந்த நம்பிக்கை. இந்தியத் தொடர்பு காட்டுதல் வேண்டுமாயின், தம் முன்னோராகிய அமெரிக்க இந்தியரின் சின்னத்தையே காட்டியிருத்தல் பொருத்தம் எனப் பின்னர் அவர் கருத்துரைத்தார். எனவே, அவ்வுறையில் இருவர் கேளாது எடுத்தாளப்பட்டனர்: ஒன்று நம் வழிபாட்டிற்குரிய வடிவம், மற்றொன்று அவ்விசைவாணரின் முகம். நம் வருத்தமும் அவர் வருத்தமும் ஒரே மூலத்திற் பிறந்தவை. பிறர் மரபை அழகுக்காக எடுத்தாள்வோர் அதன் பொருளை உரியவரிடம் கேட்டறிதல் கடன். பாரதப் போர்க்களத்தில் விசுவரூபம் கண்ட சவ்வியசாசி அஞ்சி, வணங்கி, பழைய வடிவையே காட்டுமாறு இறைஞ்சினான் என்பதை அம்மாணவனுக்கு நினைவூட்டினேன். படத்தைக் கண்டு வெகுண்டு பாட்டைக் கேளாது விடுதலும், பாட்டில் மயங்கிப் படத்தின் குறையைக் காணாது விடுதலும் ஒருங்கே குறைபாடுடையன.

1968 இல் சான்ட்லர் விலகினார். அவ்வாண்டு வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டாகிய எலெக்றிக் லேடிலான்ட் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அக்காலத்தில் ஹென்றிக்ஸ் இலண்டன் புறூக் வீதி 23 ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியிற் குடியிருந்தார். அடுத்த வீடாகிய 25 ஆம் இலக்கத்திலே 1723 முதல் 1759 இல் இறக்கும்வரை வாழ்ந்தவர் மேனாட்டு இசைமேதை ஹான்டெல். இதனை அறிந்த ஹென்றிக்ஸ் கடைக்குச் சென்று ஹான்டெலின் இசைத்தட்டுக்களை வாங்கிக் கேட்டார். அயலாரை அறிதல் பண்புடைமை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த அயலாரையும் அறிய விழைதல் கலைஞனின் பண்பு. இன்று அவ்விரு வீடுகளும் ஒருங்கே காட்சிச்சாலையாய் விளங்குகின்றன.

1969 இல் றெடிங் பிரிந்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 18 ஆம் நாட் காலையில் வூட்ஸ்ரொக் விழாவில் தம் நாட்டின் தேசிய கீதத்தைக் கிற்றாரிலே தனித்து வாசித்தார். வியற்நாம் போர் நடந்த காலம் அது. குண்டுகளின் ஓசையும் மக்களின் ஓலமும் அவ்வாசிப்பினூடே கேட்டதாக உணர்ந்தோர் பலர். சொல் ஒன்றுமின்றி அவ்வளவையும் நரம்பினாற் சொன்னமை வியத்தற்குரியது. ஆனால், சபையோர் பலர் அவரிடம் எதிர்பார்த்தவை தீயிடுதலும் பல்லினால் வாசித்தலுமே. தம் இசையைக் கேளாது வேடிக்கையையே கேட்கின்றனர் என அவர் சலிப்புற்றார். இடையறாப் பயணமும் வழக்குகளும் போதைப்பொருளும் உடலையும் மனத்தையும் அரித்தன. 1970 ஓகஸ்டில் நியூயோர்க்கில் தமக்கெனச் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். அதில் நெடிது உழைக்கும் பேறு அவருக்கு இல்லாது போயிற்று. 1970 செப்ரெம்பர் 18 ஆம் நாள் இலண்டனில், தூக்க மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டமையால் நேர்ந்த வாந்தியினால் மூச்சடைத்து இறந்தார். வயது 27. விசாரணை அதிகாரி திட்டமான முடிவு கூறாது வழக்கைத் திறந்தபடியே விட்டார். சியாட்டிலை அடுத்த றென்ரன் நகரில், தாயார் துயிலும் அதே இடுகாட்டில் அவரும் அடக்கஞ் செய்யப்பட்டார். இறுதிமுறி எழுதாது இறந்தமையால் அவர் படைப்புக்களின் உரிமை பற்றிய வழக்கு நெடுங்காலம் நீண்டது. 1995 இலேயே முதிய தந்தையார் அவ்வுரிமையை மீட்டார்.

இத்தகைய சரிதத்தை மாணவருக்குக் கூறுதல் தகுமோ என வினவும் ஆசிரியர் உளர். தகும் என்பதே என் விடை. மறைத்துக் கூறின் தகாது. முழுவதும் கூறின் தகும். மருந்தும் மதுவும் அவருக்கு இசையைத் தந்தன என்பார் கூற்று மெய்யன்று. இசையைத் தந்தவை ஒற்றை நரம்பில் தொடங்கிய செவிப்பயிற்சி, நான்காண்டுப் பக்கவாத்திய உழைப்பு, நான்கு தடங்களுள் நின்று செய்த நுண்பணி, இழந்ததை ஓரிரவில் மீட்ட உறுதி ஆகியவையே. மருந்து தந்தது இறுதி ஒன்றையே. இவ்வேறுபாட்டை மாணவர் நெஞ்சிற் பதியவைத்தல் ஆசிரியர் கடன்.

இலண்டனில் அவர் வந்திறங்கிய நாளுக்கும் அங்கேயே இறந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் நான்காண்டிற்கு ஆறு நாள் குறைவு. அச்சிறு காலத்தினுள் உலகின் கிற்றார் இசை முழுவதையும் அவர் மாற்றிச் சென்றார். முதல் இசைத்தட்டினால் உலகை வியக்கச் செய்தார்; இரண்டாவதினால் அவ்வியப்பு தற்செயலன்று என நிறுவினார். அலை வந்து கரைக்கும் மணலிலேதான் எல்லோரும் கட்டுகின்றோம். அதிலும் அளவு பிழையாது, கைநடுங்காது, அன்போடு கட்டியவனின் கைத்திறன் கரைந்த பின்னும் பேசப்படுகின்றது.